பொறித்த எண்ணும் பதிந்த எண்ணும்

சென்ற இரண்டு திங்களில் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஐந்தாறு ஒரே பொருளைப் பற்றியவை. மணவீடுகளில் படமெடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கும் நம் இளைஞர்கள் எழுதியவை அவை. கணிப்பொறியில் ஒரு புகைப்படத்தைத் திறந்து அதன் குறிப்புகளைப் பார்க்குங்கால், காமிராவின் பெயர், எடுத்த நாள், நேரம் இவற்றோடு 'லென்ஸ் வரிசை எண்' என்று ஒரு வரி காண்கிறது. அவ்வெண் கையிலுள்ள லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணோடு சில வேளை பொருந்துகிறது. சில வேளை பொருந்தவில்லை. சில வேளை வெறும் சுழியங்களாகவே நிற்கிறது. இதற்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதே வினா. கேட்பதற்குச் சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் இந்த எண்ணைத் தவறாகப் படித்த காரணத்தால் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளை, திருடன் என்ற பெயரைச் சுமக்க இருந்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ரயில்வேயில் பணி புரிவோர்க்கு எண் என்றாலே ஒரு மரியாதை உண்டு. முன்னாளில் ஒலவக்கோடு என்று வழங்கி இன்று பாலக்காடு சந்திப்பு என்று பெயர் கொண்ட நம் நிலையத்தின் வழியே செல்லும் சரக்கு வண்டிகளின் வேகன்களில் பதினோர் இலக்க எண் ஒன்று வெள்ளை வண்ணத்தில் எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அதில் வீண் இலக்கம் ஒன்றுகூட இல்லை. முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையைக் கூறும். அடுத்த இரண்டு அஃது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்று கூறும். அடுத்த இரண்டு செய்த ஆண்டு. அடுத்த நான்கு அவ்வேகனுக்கே உரிய எண். பதினோராவது இலக்கம் இருக்கிறதே, அதுதான் சுவையானது. அது சோதனை இலக்கம்.

சான்றுக்காக 3106152047 என்று பத்து இலக்கங்களை நாமே புனைந்துகொள்வோம். இரட்டை இடங்களில் நிற்கும் 1, 6, 5, 0, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 19. அதை மூன்றால் பெருக்க 57. ஒற்றை இடங்களில் நிற்கும் 3, 0, 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டு 10. இரண்டும் சேர்ந்து 67. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 70 ஆக்க இன்னும் 3 வேண்டும். அந்த 3 தான் பதினோராவது இலக்கம். நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு எண் எடுக்கும் ஊழியர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டால், இந்தக் கணக்கு உடனே காட்டிக் கொடுத்துவிடும். நம் கைபேசிக்குள்ள பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணின் கடைசி இலக்கமும், கணக்கு வேறாயினும், இதே வேலையைத்தான் செய்கிறது.

லென்ஸின் எண்ணுக்கோ இத்தகைய பொது இலக்கணம் யாதும் இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி எண்ணிட்டுக்கொண்டது. ஜெர்மானிய லைக்கா, சைஸ் நிறுவனங்களின் பழைய லென்ஸ்களுக்கு இந்த ஆண்டில் இந்த எண் முதல் இந்த எண் வரை என்று பட்டியல்கள் உண்டு. அவற்றைக் கொண்டு வயது கணிக்கலாம். ஜப்பானியக் கானன் நிறுவனத்தார் வரிசை எண்ணுக்குப் புறம்பாக, லென்ஸின் பின்புறத்தில் இரண்டு எழுத்துகளும் சில இலக்கங்களும் கொண்ட குறியொன்றைப் பல்லாண்டுகள் இட்டு வந்தார்கள். முதலெழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும்: 'யு' என்றால் உட்சுனோமியா, 'எஃப்' என்றால் ஃபுகுஷிமா, 'ஓ' என்றால் ஓய்ட்டா. இரண்டாம் எழுத்து ஆண்டு: 'ஏ' என்றால் 1960 அல்லது 1986, 'பி' என்றால் அதற்கு அடுத்த ஆண்டு, இப்படியே 'இசட்' வரை. இருபத்தாறு எழுத்து முடிந்ததும் மறுபடி தொடங்கியதால் ஒரே எழுத்துக்கு இரண்டு ஆண்டுகள் வந்தன; எனினும் லென்ஸின் தோற்றமே ஐயத்தைத் தீர்த்துவிடும். நைக்கான் லென்ஸின் எண்ணுக்கு முன் 'யு.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தால் அஃது அமெரிக்கச் சந்தைக்கென அனுப்பியது என்று கொள்ளலாம். மாமன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தது என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கு இது ஒரு சிறு சோதனை.

இவையெல்லாம் லென்ஸின் உடலில் பொறித்த எண்ணைப் பற்றியவை. படத்துக்குள் பதியும் எண் வேறு கதை.

படக் கோப்போடு இத்தகைய குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் முறைக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். 1995-ஆம் ஆண்டு ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கத்தார் வகுத்தது அது. ரயிலில் ஒரு சரக்கை ஏற்றும்போது அனுப்புநர் யார், எங்கிருந்து எங்கே, எடை எவ்வளவு என்று ரயில்வே ரசீது எழுதுகிறோம் அல்லவா? எக்ஸிஃப் அத்தகைய ரசீதுதான். வேற்றுமை என்னவென்றால், ரசீது சரக்கிற்குள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ரசீதில் லென்ஸின் எண்ணுக்கென்று பொதுவான கட்டம் முதல் பதினைந்து ஆண்டுகள் இருக்கவில்லை. 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 2.3 என்னும் பதிப்பில்தான் காமிராவின் உரிமையாளர் பெயர், காமிராவின் வரிசை எண், லென்ஸின் பெயர், லென்ஸின் வரிசை எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் ஏற்பட்டன. கட்டங்களுக்கும் எண் உண்டு. லென்ஸ் வரிசை எண்ணின் கட்டம் 42037.

அதற்கு முன்னும் காமிராக்கள் இவற்றை எழுதாமல் இல்லை. 'உற்பத்தியாளர் குறிப்பு' என்று ஒதுக்கப்பட்ட பகுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மட்டும் விளங்கும் முறையில் எழுதிக்கொண்டது. நைக்கான் நிறுவனத்தார் லென்ஸ் பற்றிய விவரத்தைப் பூட்டியே வைத்தார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவியாக அமைந்தவை அந்தக் காமிராவின் வரிசை எண்ணும், அதுகாறும் எடுத்த படங்களின் எண்ணிக்கையும் என்பது பின்னர் வெளியாயிற்று. 2005-ஆம் ஆண்டு அவர்கள் வண்ணச் சமன்பாட்டுக் குறிப்பையும் இவ்வாறு பூட்டியபோது, நாம் எடுத்த படத்தின் விவரம் நமக்கே மறைக்கப்படலாமா என்று படக்கலைஞரிடையே பெரும் கூச்சல் எழுந்தது. நம் கருத்தில் அந்தக் கூச்சல் நியாயமானதே. கனடா நாட்டு ஃபில் ஹார்வி என்பார் 2003 முதல் இலவசமாக வழங்கி வரும் 'எக்ஸிஃப்டூல்' என்ற மென்பொருள் இத்தகைய மறைகுறிப்புகளில் பெரும்பகுதியைப் படித்துக் காட்டிவிடுகிறது. காசு கேட்காமல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் இதைச் செய்து வருவது வியப்புக்குரியது.

இனி, எண் பொருந்தாமைக்குக் காரணங்களைக் காண்போம். லென்ஸ் தன்னைப் பற்றிக் காமிராவிடம் சொன்னால்தான் காமிரா எழுத முடியும். பழைய லென்ஸ்களில் பல தம் வகையை மட்டுமே சொல்லும்; எண்ணைச் சொல்லும் ஏற்பாடே அவற்றில் இல்லை. நைக்கானின் 'எஃப்' வகை லென்ஸ்கள் பெரும்பாலும் இவ்வினத்தவை. காமிரா கட்டத்தைக் காலியாக விடும். அல்லது பத்துச் சுழியங்களை இட்டு நிரப்பும். சுழியத்துக்குப் பொருள் 'எண் சொல்லப்படவில்லை' என்பதே அன்றி, லென்ஸ் போலி என்பதன்று. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

வேறு சில லென்ஸ்கள் எண்ணைச் சொல்லும். ஆனால் வெளியே பொறித்த எண்ணைச் சொல்லா. தம் உள்ளிருக்கும் மின்பலகையில் தொழிற்சாலையார் எழுதி வைத்த வேறோர் எண்ணைச் சொல்லும். கானன் நிறுவனத்தின் 'இ.எஃப்.' லென்ஸ்கள் பலவற்றில் இப்படித்தான். முன்னால் நான்கைந்து சுழியங்கள், பின்னால் இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த தொடர் என்று காணப்படும். ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளே அதில் வரும். நாம் பத்தை அடியாகக் கொண்டு எண்ணுவது போல், கணிப்பொறிகள் பதினாறை அடியாகக் கொண்டு எண்ணுகின்றன; பத்து முதல் பதினைந்து வரைக்குத் தனி இலக்கம் இல்லாமையால் அந்த ஆறு எழுத்துகளைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. அதை நம் கணக்குக்கு மாற்றினாலும் உடலில் பொறித்த எண் வரும் என்பதற்கு உறுதி இல்லை. வேறு சில லென்ஸ்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆக, படத்தில் பதிந்த எண்ணையும் உடலில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்தால் எந்த முடிவுக்கும் வரலாகாது. பதிந்ததைப் பதிந்ததோடும், பொறித்ததைப் பொறித்ததோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இந்த ஒரு வரி தெரியாததால் நேர்ந்ததுதான் மேலே குறிப்பிட்ட சம்பவம்.

மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. தாயார் இன்னும் கொழுந்து பறிக்கிறார். பிள்ளை தவணையில் ஒரு காமிரா வாங்கி, வேண்டும்போது லென்ஸை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறான். ஆவணி மாதத்துத் திருமணம் ஒன்றுக்காக எல்லையோர நகரொன்றின் கடையில் மூன்று நாள் வாடகைக்கு ஒரு லென்ஸ் எடுத்தான். கடையையும் ஊரையும் பெயர் சொல்லாமல் விடுகிறோம். அடையாள அட்டையும் முன்பணமும் கொடுத்தான். கடைக்காரர் கொடுத்த சீட்டில் லென்ஸின் பெயர் மட்டும் இருந்தது, எண் எழுதவில்லை. திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். குவியம் தட்டுத் தடுமாறி நின்றது. இது என் லென்ஸே அல்ல என்றார். பிள்ளை தான் எடுத்த மணப்படங்களைக் காட்ட, அவர் கணிப்பொறியில் குறிப்பைத் திறந்தார். பதிந்த எண் எழுத்தும் இலக்கமும் கலந்து ஒரு விதமாக இருந்தது. கையிலிருந்த லென்ஸின் மேல் பொறித்த எண் முற்றிலும் வேறாக இருந்தது. அவருக்கு அதுவே போதுமான சாட்சியாயிற்று. படமெடுத்த லென்ஸ் என்னுடையது, நீ திருப்பித் தந்தது வேறு. மூன்று நாளில் என் லென்ஸ் வராவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லி அட்டையையும் பணத்தையும் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குப் போலீஸ் நிலையம் என்றால் என்ன என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே, 'தோட்டத்துப் பாண்டி' என்ற ஒரு சொல் வழக்கை முடித்துவிடும். இது எல்லாரிடத்தும் உள்ள குணம் என்று நாம் சொல்லவில்லை, ஆனால் உண்டு. மேலும், இத்தொழிலில் லென்ஸ் மாற்றினவன் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் பிறகு எந்தக் கடையும் வாடகைக்குத் தராது, தவணையோ நிற்காது.

சங்கச் செயலாளர் நம்மையும் உடன் அழைத்தார். பாலக்காட்டிலிருந்து கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகப் பஸ்ஸில்தான் பயணம். இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை என்பது ரயில்வேக்காரனுக்கு எப்போதும் ஒரு குறைதான். 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று ஒன்று ஓடியது, 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடி வரவில்லை. நிற்க.

கடைக்காரர் நல்ல மனிதர். கோபத்தில் இருந்தார், அவ்வளவே. பிள்ளை அவரைச் சேட்டா, சேட்டா என்று அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான். நாம் கேட்டது இரண்டே காரியம். முதலாவது, திருப்பித் தந்த அந்த லென்ஸை அவருடைய காமிராவிலேயே மாட்டி, சுவரிலிருந்த நாட்காட்டியை ஒரு படம் எடுக்கச் சொன்னோம். அந்தப் படத்தின் குறிப்பைத் திறந்தால், பதிந்த எண் மணப்படங்களில் இருந்ததே. பொறித்த எண் அதே இடத்தில் வேறாக இருந்தது. ஒரே லென்ஸுக்கு இரண்டு எண் என்பது அவர் கண்ணெதிரே தெளிவாயிற்று. பொருந்தாமை சாட்சியல்ல என்பதும் தெளிவாயிற்று.

ஆனால் இதனால் மட்டும் பிள்ளை தப்பிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணவீட்டில் பயன்பட்ட லென்ஸும் திருப்பித் தந்த லென்ஸும் ஒன்று என்றுதான் இது காட்டுகிறது. கடையை விட்டு வெளியே வந்த உடனேயே மாற்றியிருந்தால்? ஆகவே இரண்டாவது காரியம்: வாடகைக்கு விடுவதற்கு முன் அந்த லென்ஸைக் கொண்டு தாமே எடுத்த படம் ஏதேனும் கடைக் கணிப்பொறியில் உண்டா என்று கேட்டோம். சென்ற ஆண்டு ஓணத்துக்குத் தம் வீட்டுப் பூக்களத்தை எடுத்த படங்கள் இருந்தன. திறந்தார். பத்து இடங்களும் எழுத்துக்கு எழுத்து அதே எண். அவர் கணிப்பொறியில், அவரே எடுத்து, அவரே வைத்திருந்த படம். பிள்ளை கை வைத்திருக்க வழியே இல்லை. லென்ஸ் அவருடையதுதான். குவியத்தின் கோளாறு தேய்மானத்தால் வந்தது என்று பின்னர் பழுதுபார்ப்பவர் சொன்னாராம்.

அட்டையும் பணமும் திரும்பி வந்தன. தேநீர் வந்தது. வெளியே வந்த பிறகு பிள்ளை நம்மிடம் கேட்டது இது: "அண்ணா, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

இங்கே சில எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். லென்ஸ் பழுதாகி உள்மின்பலகை மாற்றப்பட்டிருந்தால் பதியும் எண்ணும் மாறியிருக்கக்கூடும். பழுதுபார்த்த ரசீதைக் கேட்க வேண்டும். இரண்டு வெவ்வேறு நிறுவனக் காமிராக்களில் எடுத்த படங்களை ஒப்பிடுவதைக் காட்டிலும் ஒரே காமிராவில் எடுத்தவற்றை ஒப்பிடுவதே பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்ஸிஃப் குறிப்பு கல்லில் வெட்டிய எழுத்தன்று. முன் சொன்ன இலவச மென்பொருளைக் கொண்டே எவரும் அதைத் திருத்தவும் முடியும். எதிராளியின் கையில் இருந்த கோப்பை விட, ஐயமற்றவர் கையில் இருந்த கோப்பே வலிமை உடையது. அந்தப் பூக்களப் படம் நமக்கு உதவியதன் காரணமும் இதுவே.

எழுதாமலே பதியும் அடையாளம் ஒன்றும் உண்டு. காமிராவின் உணர்தளத்திலுள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு கூர்மை உடையனவல்ல; அந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு படத்திலும் ரேகை போல் விழுகிறது. அமெரிக்காவில் பிங்காம்டன் பல்கலைக்கழகத்து ஜெசிக்கா ஃப்ரிட்ரிச்சும் அவர் குழுவினரும் இதைக்கொண்டு இன்ன படம் இன்ன காமிராவில் எடுத்தது என்று கூறும் முறையை 2006-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது காமிராவின் ரேகை. லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வழக்கு மன்றம் வரை போனால் என்ன ஆகும் என்று ஒரு நேயர் கேட்கிறார். இதில் வழிகாட்டும் தீர்ப்பு நம் அண்டை மாவட்டத்திலிருந்தே எழுந்தது. 2011-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் மலப்புறம் மாவட்டத்து ஏறநாடு தொகுதி பற்றிய வழக்கில் பி.வி. அன்வர் குறுந்தகடுகளைச் சாட்சியாகக் காட்டினார். 2014 செப்டம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம், கணிப்பொறியிலிருந்து எடுத்த நகலுக்குச் சட்டம் கோரும் சான்றிதழ் உடன் இல்லையேல் அது சாட்சியாகாது என்று கூறிவிட்டது. அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி தர வேண்டிய சான்றிதழின் படிவத்தில், கோப்பை எடுத்த கருவியின் நிறுவனம், வகை, நிறம், வரிசை எண் ஆகியவற்றை எழுதக் கட்டங்கள் இருக்கின்றன. கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' என்னும் கணக்கெண்ணையும் குறிக்க வேண்டும். வரிசை எண் இப்போது சட்டத்தின் படிவத்திலேயே இடம்பெற்றுவிட்டது என்று அறிக.

களவு போன கைபேசியை அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்க 2023 மே முதல் நாடு முழுவதற்கும் அரசின் ஏற்பாடு இருக்கிறது. லென்ஸுக்கு அத்தகைய அரசுப் பதிவேடு இல்லை. 2011-இல் பிரிட்டன் நாட்டு மென்பொருளாளர் ஒருவர், களவு போன காமிராவின் எண் பதிந்த படம் இணையத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடித் தரும் தளம் ஒன்றைத் தொடங்கினார். நல்ல எண்ணம். ஆனால் ஃபேஸ்புக் போன்றவை படத்தை வெளியிடும்போது இக்குறிப்புகளை உரித்துவிடுவதால், அத்தகைய தேடல் எட்டும் தூரம் குறுகியதே.

இதே காரணத்தால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதைக் கொண்டு எண்ணைத் தேடுவது வீண். அங்கே படம் சுருக்கப்படுகிறது, குறிப்புகள் போய்விடுகின்றன. 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். கைபேசியில் எடுத்த படங்களில் லென்ஸ் எண்ணைத் தேடுவதும் வீணே. கழற்ற முடியாத லென்ஸுக்குத் தனி எண் எழுதும் வழக்கமில்லை, வகைப்பெயர் மட்டும் இருக்கும். நம் தாத்தாமார் காலத்துப் பெட்டிக் காமிராவும் உதகையில் செய்த 'இந்து' ஃபிலிமும் இந்தத் தொல்லை எதையும் தந்ததில்லை. படத்தின் பின்னால் யாரேனும் பென்சிலால் எழுதி வைத்தால்தான் உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். எக்ஸிஃபில் பதியும் நேரம் காமிராவின் கடிகாரம் காட்டுவது. எந்த நாட்டு நேரம் என்று குறிக்கும் கட்டம் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணனின் காமிராவைக் கடன் வாங்கி எடுத்த படத்தில், முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் முந்தி நடந்ததாகக் காணும். யாரும் பொய் சொல்லவில்லை.

எண் காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2007 ஜூலையில் ஹாரி பாட்டர் கதையின் கடைசி நூல் கடைக்கு வரும் முன்பே, எவரோ அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து இணையத்தில் விட்டார். அந்தப் படக் கோப்புகளிலேயே காமிராவின் வகையும் வரிசை எண்ணும் இருந்தன. 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் செல்வர் ஜான் மெக்காஃபியைப் பற்றி ஒரு பத்திரிகை படம் வெளியிட, அந்தப் படத்தில் பதிந்திருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டது. நமக்குத் தலைமறைவு வாழ்க்கை இல்லை. ஆயினும், ஒரு பெண் தன் பெயரில் தொழிற் படங்களையும் வேறு பெயரில் தன் மனத்துக்குகந்த படங்களையும் வெளியிடுகிறாள் என்றால், இரண்டிலும் பதிந்த ஒரே லென்ஸ் எண் இருவரும் ஒருவரே என்று அந்நியருக்குச் சொல்லிவிடும். வீட்டு வாசலில் குழந்தையை எடுத்த படத்தில் இடக்குறிப்பு இருந்தால் வீட்டுக்கே வழி சொல்லும். பிறர்க்குக் கொடுக்கும் நகலில் இவற்றை நீக்கிக் கொடுப்பதில் தவறில்லை. மூலக் கோப்பை மட்டும் தொடவே கூடாது. நமக்குச் சாட்சி அதுதான். அந்த மூலமும் ஒரே வீட்டில் இருத்தல் போதாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களோடு லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஒரு பிரதியை உறவினர் ஊரில் வைப்பீர்.

வெளிநாடு செல்லும் நம் அன்பர்கள் விலையுயர்ந்த காமிராவும் லென்ஸும் கொண்டு சென்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்வது நலம். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியது என்று தீர்வை கேட்கமாட்டார்கள். அதில் எழுதப்படுவது உடலில் பொறித்த எண், படத்தில் பதிந்ததன்று.

குமுளியிலிருந்து எழுதிய தம்பி, பழைய லென்ஸ் ஒன்று வாங்கப் போவதாகவும் என்ன கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். விற்பவரின் விலைச்சீட்டில் பொறித்த எண் இருக்கிறதா என்று பாரும். சீட்டு இல்லையேல், விற்பவர் அந்த லென்ஸால் சென்ற ஆண்டுகளில் எடுத்த மூலப்படம் ஒன்றைக் கேட்டு வாங்கும். உம் முன்னிலையில் அவர் காமிராவில் ஒரு படம் எடுக்கச் சொல்லி, இரண்டிலும் பதிந்த எண்ணை ஒப்பிடும். எண் சுழியமாகவே வந்தால் இச்சோதனை செல்லாது. விற்பவரின் அடையாளமும் கையொப்பமும் பெற்றுக்கொள்ளும். மிகக் குறைந்த விலை சொல்லிக் கேள்வி கேட்டால் கோபிக்கிறவரிடம் வாங்காதேயும்.

வாடகைக்கு எடுப்போர், கடையை விட்டு இறங்கும் முன் அந்த லென்ஸால் கடைப் பலகையை ஒரு படமும், லென்ஸின் மேலுள்ள எண்ணைக் கைபேசியால் ஒரு படமும் எடுத்துவிடுக. சீட்டிலும் எண்ணை எழுதச் சொல்லுக. கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

நம் சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு திறந்திருக்கிறோம். பொருளின் பெயர், பொறித்த எண், பதிந்த எண், வாங்கிய நாள், யாரிடம் வாங்கியது என்று ஐந்து பத்திகள். உறுப்பினர்கள் காமிராவையும் லென்ஸையும் ஞாயிறு காலையில் கொண்டு வந்தால் அங்கேயே ஒரு படம் எடுத்து எழுதிக்கொள்ளலாம். மின்கலத்தில் மின்னேற்றிக்கொண்டு வரவும். சென்ற வாரம் வந்த மூவரில் இருவர் காமிரா கண் திறக்கவில்லை.